கதவு எண்

விடுதலை பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான் நடக்கிறது. காலையிலேயே நீதிமன்றம் ஜாமீனுக்கு ஒப்புக்கொண்டிருக்கும். ஜாமீன்தாரர்கள் கையெழுத்துப் போட்டு, உத்தரவு சிறைக்கு வந்து சேர்ந்து, வேறு வழக்கில் ஆஜர்படுத்தச் சொல்லும் பி.டி. வாரண்ட் கிடக்கிறதா என்று பதிவேட்டைப் புரட்டி, அங்க அடையாளம் சரிபார்த்து ஆளை வெளியே விட ஏழு மணி, எட்டு மணி ஆகிவிடும். புழல் சிறை வாசலில் அந்த நேரத்தில் ஒரு சின்னக் கூட்டம் நிற்கும். வக்கீல் குமாஸ்தாக்கள், பைக்கில் வந்த சேக்காளிகள், மடியில் முறுக்குப் பொட்டலத்தோடு அம்மாக்கள். பேர் சொல்லிக் கூப்பிட ஆள் வந்தவர்கள் பத்து நிமிடத்தில் கலைந்துவிடுவார்கள். யாரும் வராதவர் கையில் ஒரு பிளாஸ்டிக் கவரோடு ஜி.என்.டி. சாலைவரை நடந்து, காவாங்கரை நிறுத்தத்தில் போய் நிற்பார். எங்கள் வேலை அங்கேதான் ஆரம்பம்.

தென்மாவட்டத்து ஆளாக இருந்தால் கோயம்பேட்டுக்குத்தான் பஸ் ஏறுவார். அவர் உள்ளே போன காலத்தில் ஊருக்குப் போகும் வண்டிகள் அங்கிருந்துதான் புறப்பட்டன. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் நிலையம் திறந்தது. தெற்கே போகும் அரசுப் பேருந்துகள் அங்கே போய்விட்டன. புழல் சென்னைக்கு வடகோடி, கிளாம்பாக்கம் வண்டலூரையும் தாண்டித் தென்கோடி. ராத்திரி பத்து மணிக்குக் கோயம்பேட்டில் இறங்கி, விசாரித்து, அலுத்து, அங்கேயே ஒரு தூணோரம் துண்டை விரித்துப் படுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். விடிவதற்குள் ரோந்து வரும். “எங்கேர்ந்து வர்றே?” என்று கேட்கும். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பது அவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும்.

ஆயுள் தண்டனை முடித்து வருபவர்களின் பிளாஸ்டிக் கவரைப் பிரித்துப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். உள்ளே போன அன்று வாங்கி வைத்த உடைமைகளைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். இடுப்பில் ஏறாத பேன்ட், ஓடாத வாட்ச், நெஞ்சு அகலத்துக்குப் பொத்தான் எட்டாத சட்டை. 2007-ல் உள்ளே போன ஒருவரிடம் நோக்கியா 1100 இருந்தது. பேட்டரி உப்பிப்போய்ப் பின்மூடி மூடவில்லை. இதைச் சார்ஜில் போட முடியுமா சார் என்று கேட்டார். தங்கச்சி வீட்டு நம்பர் அதற்குள்தான் இருக்கிறதாம். செங்குன்றம் பஜாரில் செல்போன் பழுது பார்க்கும் பையன் எங்கிருந்தோ ஒரு பழைய பேட்டரியைத் தேடிப் போட்டான். பச்சை விளக்கு எரிந்தது. பெயர்ப் பட்டியலில் பத்துப் பன்னிரண்டு பேர். தங்கச்சி நம்பரை என் போனிலிருந்து அடித்தோம். எடுத்தவர் ஓசூரில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். அவருக்கு இவருடைய தங்கச்சியைத் தெரிந்திருக்க நியாயமில்லை.

சிறையிலிருந்து வந்து போக இடமில்லாதவர்கள் தங்கும் எங்கள் வீடு வடசென்னையின் ஓரத்தில், வாடகைக்கு எடுத்த ஒரு தரைத்தள வீடு. ஒரு கூடம், இரண்டு அறை, சமையலறை, பின்னால் துணி துவைக்கிற கல். ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிறது. நான் அதில் பொறுப்பாளர், சமையல்காரர் இல்லாத நாட்களில் சமையல்காரன். வீட்டு உரிமையாளருக்கு முழு விவரமும் தெரியும். அதை மறைத்து வீடு பிடிப்பது கூடாது என்பதில் நான் பிடிவாதம். தெருக்காரர்களோ இந்த வீட்டைக் குடிப்பழக்கத்தை நிறுத்தும் மையம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாங்களும் திருத்தவில்லை.

வெளியே வருபவருக்கு என்ன தேவை என்று கூட்டம் போட்டுக் கேட்டால் வேலை, தொழிற்பயிற்சி, மனநல ஆலோசனை என்று வரிசையாக வரும். எல்லாம் தேவைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. விண்ணப்பத்தில் பெயர், தகப்பனார் பெயருக்கு அடுத்த கட்டம் முகவரி. அந்தக் கட்டத்தில் பேனா நின்றுவிடும். ஆதார் 2010-ல்தான் தொடங்கியது. அதற்கு முன்பே உள்ளே போய் முகாம் எதிலும் எடுக்காமல் விட்டவர்கள் உண்டு. 2017-ல் குடும்ப அட்டைகள் ஸ்மார்ட் கார்டாக மாறியபோது, உள்ளே இருந்தவர் பெயரைச் சேர்க்காமலே பல வீடுகளில் அட்டை வாங்கிவிட்டார்கள். வேண்டுமென்று செய்தது பாதி, மறந்துபோனது பாதி. குடும்ப அட்டை இல்லையென்றால் அரிசி மட்டுமா போகிறது? அறுபது தாண்டிய, நாதியற்ற ஒருவருக்கு மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை கிடைக்க வழியுண்டு. அந்த மனுவோடும் அட்டையைத்தான் கேட்பார்கள். வங்கிக் கணக்குக்கு, சிம் கார்டுக்கு, அரசு மருத்துவமனையில் காப்பீட்டுக்கு, எல்லாவற்றுக்கும் ஒரு கதவு எண். வாக்கும் அப்படித்தான். 1951-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சிறையில் இருப்பவர் வாக்களிப்பதைத் தடுக்கிறது. வெளியே வந்துவிட்டால் அந்தத் தடை போய்விடுகிறது. ஆயுள் தண்டனை முடித்தவர்களில் பாதிப் பேர் தங்களுக்கு இனி வாழ்நாளுக்கும் ஓட்டில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். பட்டியலில் சேர்க்கப் போனால் மறுபடி முகவரி.

ஆதார் ஆணையமே ஒரு படிவம் வைத்திருக்கிறது. கெசட்டட் அலுவலரோ எம்.எல்.ஏ.வோ கவுன்சிலரோ இன்னார் இந்த இடத்தில் வசிக்கிறார் என்று அதில் எழுதி, புகைப்படத்தின்மேல் பாதி விழும்படி முத்திரை குத்திக் கொடுத்தால் போதும். மூன்று மாதம் செல்லும். அந்தக் கையெழுத்தை வாங்குவதில்தான் எங்கள் வாரத்தில் ஒரு நாள் போகிறது. “இவரை எனக்கு எப்படிப்பா தெரியும்?” என்று அவர்கள் கேட்பதிலும் தப்பில்லை. நான்கைந்து முறை டீ குடித்துப் பழகியபின் தெரிந்துவிடும்.

இதற்கு முந்தின கட்டம் இன்னும் மோசம். உள்ளே இருக்கும்போதே முகவரி இல்லாதவர் வெளியே வருவதே கஷ்டம். ஜாமீன் கொடுத்தாகிவிட்டது, இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை. வீட்டு வரி ரசீது, ஆதார், ரேஷன் கார்டு, சில இடங்களில் வி.ஏ.ஓ. சான்று. நடைபாதையில் பிறந்து வளர்ந்தவனுக்கு ரத்த சொந்தம் யார், வரி ரசீது எது? மோதி ராம் என்கிற மத்தியப் பிரதேசத்துக் கொத்தனாரின் வழக்கு 1978-லேயே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார்கள். அண்ணன் தம்பி முறையில் ஒருவர் வந்தபோது அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கடிந்துகொண்டு ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். அந்தத் தீர்ப்பைச் சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிக்கிறார்கள். கீழ்நீதிமன்ற வராந்தாவில் காசுக்குக் கையெழுத்துப் போடும் ஜாமீன்தாரர்களும் தினம் வருகிறார்கள்.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது. ஜாமீன் உத்தரவை மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே வரவில்லையென்றால் சிறை அதிகாரி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் ஆகியும் பிணைப்பத்திரம் கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே எடுத்துப் பார்க்கலாம். அதே ஆண்டு மத்திய உள்துறையும் ஏழைச் சிறைவாசிகளுக்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஜாமீன் தொகைக்கு 40,000 ரூபாய் வரை, அபராதத்துக்கு 25,000 வரை அரசே கட்டும் என்று அப்போது அறிவித்தார்கள். நல்ல திட்டம். பணம் மட்டும் குறையாக இருக்கும் இடத்தில் வேலை செய்கிறது. ஆள் குறையாக இருக்கும் இடத்தில் என்ன செய்வது என்று அந்தத் திட்டத்தில் இல்லை. இருந்தாலும் மனு எழுதிப் போடுகிறோம்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டுக் கணக்குப்படி நாட்டின் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூவர். அப்படியென்றால் தினமும் சிறை வாசலைத் தாண்டி வெளியே வருபவர்களில் பெரும்பாலோர் குற்றவாளி என்று இன்னும் யாராலும் தீர்ப்புச் சொல்லப்படாதவர்கள். ஆனால் நம் மறுவாழ்வு ஏற்பாடுகள் எல்லாம் தண்டனைக் கைதியை மனதில் வைத்தே போடப்பட்டவை. உள்ளே தொழில் கற்பது, கூலி சேர்வது, நன்னடத்தை அலுவலர் விசாரிப்பது எல்லாம் அவருக்குத்தான். மூன்று மாதம் ரிமாண்டில் இருந்துவிட்டு வருபவனுக்கு ஒன்றுமில்லை. அந்த மூன்று மாதத்துக்குள் ஆட்டோவுக்குத் தவணை கட்டாமல் பைனான்ஸ்காரன் இழுத்துப் போயிருப்பான், வாடகை வீட்டில் பாத்திரங்களை வெளியே எடுத்து வைத்திருப்பார்கள், பெண்டாட்டி பிள்ளையோடு தாய் வீட்டுக்குப் போயிருப்பாள். என் அனுபவத்தில் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வருபவரைவிட இவன்தான் சீக்கிரம் மறுபடி உள்ளே போகிறவன். இவனுக்கு எங்கள் வீட்டில் இரண்டு வாரம் போதும். அந்த இரண்டு வாரத்தைத்தான் யாரும் கொடுப்பதில்லை.

ஆயுள் கைதிகள் கதை வேறு. பதினான்கு வருடத்துக்கு முன் விடக் கூடாது என்ற வரம்பு 1978-ல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நுழைந்தது. அதற்கு முன்னதாக விடுவதென்றால் ஆளுநரின் அதிகாரத்தின் பேரில் அரசு முடிவெடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் அது அண்ணா பிறந்தநாளோடு சேர்ந்துகொண்டது. நூற்றாண்டு விழாவை ஒட்டி 2008-ல் 1,405 ஆயுள் கைதிகள் விடுதலையானார்கள். 2021-ல் 700 பேருக்கு அறிவிப்பு வந்தது. பட்டியலில் பெயர் வருமா என்று உள்ளே செப்டம்பர் மாதம் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். பெயர் வர ஒரு அறிக்கை வேண்டும். நன்னடத்தை அலுவலர் ஊருக்குப் போய், வீட்டாரைக் கேட்டு, அக்கம்பக்கம் கேட்டு, இவர் வந்தால் ஏற்றுக்கொள்கிறோம் என்று ஒரு கடிதம் வாங்கி வர வேண்டும். உள்ளூர்க் காவல் நிலையமும் ஆட்சேபம் இல்லை என்று எழுத வேண்டும். அந்த ஏற்புக் கடிதம் இல்லாமல் கோப்பு நகராது.

நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிட்ட ஒருவருக்கு அந்தக் கடிதம் வரவில்லை. பாளையங்கோட்டையில் இருந்தவர், நிர்வாகக் காரணத்துக்காகப் புழலுக்கு மாற்றப்பட்டவர். கூடப் பிறந்த அண்ணன் ஊரில் இருக்கிறார். ஏன் எழுதிக் கொடுக்கவில்லை என்று நேரில் கேட்டு வரலாம் என்று போனேன். வீட்டில் உட்காரவைத்துப் பையனை அனுப்பிக் கலர் வாங்கிவரச் சொன்னார்கள். அண்ணன்காரர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசியதெல்லாம் மதினிதான்.

“எங்க கொழுந்தனார் மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது சார். அவுக என்னைத் தாயி தாயின்னுதான் கூப்பிடுவாக. ஆனா மூத்தவளுக்கு இந்த வைகாசியில பேசி முடிக்கணும். பொண்ணு பாக்க வாறவுக முன்னால திண்ணையில இவுக உக்காந்திருந்தா, இது யாருன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்? ரெண்டாமத்தவளும் இருக்கா. ரெண்டு கல்யாணமும் முடியட்டும், நானே வந்து கூட்டிட்டு வாறேன்.”

அந்த அம்மாள் சொன்னதில் ஒரு பிழையும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் அண்ணாச்சி வழக்கில் செத்துப்போனவரின் வீடு. அவர் மகன்கள் இப்போது இளவட்டங்கள். திண்ணையில் இவர் உட்காருவது மாப்பிள்ளை வீட்டாருக்கு மட்டும் பிரச்சினை இல்லை. குடும்பத்தோடு சேர்த்துவைப்பதே மறுவாழ்வு என்று எழுதிவைத்திருக்கும் கையேடுகளை எழுதியவர்கள் இந்தத் திண்ணையில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சில பேருக்கு ஊர் திரும்பாமல் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது. அதற்கு ஊரல்லாத ஒரு முகவரி வேண்டும்.

எங்கள் முகவரியைக் கொடுத்தோம். அலுவலர் வந்து பார்த்தார். எத்தனை பேர் தங்குகிறார்கள், யார் சாப்பாடு போடுகிறார்கள் என்று கேட்டு, கழிவறைவரை எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டு போனார். கோப்பு நகர்ந்து ஆள் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. வந்தபின் வைகாசி ஒன்று போய் அடுத்த தையில் மூத்தவள் கல்யாணம் முடிவானது. எங்கள் வீட்டுக்குத் தபாலில் பத்திரிகை வந்தது. உள்ளே சித்தப்பா என்று இவர் பெயரும் அச்சாகியிருந்தது. மதினி போட்டிருக்க வேண்டும். போவதில்லை என்று அவரே முடிவு செய்துவிட்டார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் மொய்ப்பணம் கொடுத்தனுப்பினார். மொய் நோட்டில் பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயர் எழுதுவார்கள் அல்லவா? கொடுத்தனுப்பும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, “ஊரு என்ன போடச் சொல்ல சார்?” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, “செங்குன்றம்னு போடச் சொல்லுங்க” என்றார்.

செத்தவர் வீட்டுக்கு யார் இருக்கிறார்கள் என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். சிறையில் சம்பாதிக்கும் கூலியில் ஒரு பகுதி சாப்பாடு, பராமரிப்புக்கென்றும் ஒரு பகுதி பாதிக்கப்பட்டோர் நிதிக்கென்றும் பிடிக்கப்படுகிறது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு பங்கு போக வேண்டும் என்பதை 1998-ல் குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. அந்தப் பணம் உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டால் பெரும்பாலானவர்களுக்குத் தெரியவில்லை. மன்னிப்புக் கேட்கிறேன், கூட்டிப் போங்கள் என்று எங்கள் வீட்டிலிருப்பவர்கள் சில சமயம் சொல்வார்கள். நான் கூட்டிப்போவதில்லை. அந்த வீட்டுக் கதவை எப்போது திறப்பது என்பது அவர்கள் பாடு.

வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வருபவர்கள் ஏதோ பெரிதாக எதிர்பார்த்து வருகிறார்கள். ஒன்றும் நடப்பதில்லை. சிறையில் ராத்திரிச் சாப்பாடு சாயங்காலமே கொடுத்து ஆறு மணிக்கு அடைத்துவிடுவார்கள். ஆகவே வந்த புதிதில் எல்லோருக்கும் ஐந்து மணிக்குப் பசிக்கும். அந்த நேரத்தில் சோறு இருக்க வேண்டும். எட்டரைக்குத்தான் சாப்பாடு என்று ஒழுங்கு கற்பிக்க ஆரம்பித்தால் கசப்பு தொடங்கும். நாங்கள் ஐந்து மணிக்கு உலை இறக்கிவிடுவோம். பழைய ஆட்கள் எட்டு மணிக்குச் சாப்பிடுவார்கள். புதிய ஆள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்த நாளில் அவர் “நானும் அப்புறமா சாப்பிடுறேன்” என்று சொல்கிறாரோ, அதைக் குறித்து வைத்துக்கொள்வேன். ஆலோசகர்கள் நிரப்பும் படிவங்களைவிட எனக்கு அது நம்பகமான அளவு. தூக்கமும் இப்படித்தான். கொட்டடியில் ராத்திரி முழுக்க விளக்கு எரியும். இருட்டில் தூங்க முடியாமல் கூடத்து விளக்கைப் போடுவார்கள்; இன்னொருவர் அணைப்பார்; சண்டை வரும். கூடத்தில் இப்போது ஒரு ஜீரோ வாட் பல்பு நிரந்தரமாக எரிகிறது.

சமையலறையில் கத்தி வைத்திருக்கிறீர்களா என்று நன்கொடை தர வந்த ஒரு தம்பதி கேட்டார்கள். வெங்காயம் நறுக்க வேண்டுமே என்றேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னோம், அவசரம் என்று கிளம்பிவிட்டார்கள். நன்கொடை பிறகு வந்தது, நல்ல தொகை.

மாத்திரை விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். வந்தவுடன் முதல் கேள்வி, உள்ளே ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா என்பது. சிறை மருத்துவமனையில் மனநலத்துக்கு, வலிப்புக்கு, காசநோய்க்கு ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். சாயங்காலம் திடீரென்று விடுதலை என்றால் சீட்டு உள்ளேயே தங்கிவிடும். இவரும் சந்தோஷத்தில் கேட்க மாட்டார். நான்கு நாள் மாத்திரை நின்றால், வீட்டில் எல்லோரும் சேர்ந்து தனக்கு விஷம் வைக்கிறார்கள் என்று ஒருவர் கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே இருப்பவர்கள் இதைத் திமிர் என்பார்கள், போலீஸ் தகராறு என்று எழுதும். மறுநாள் காலை கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போய் வரிசையில் நின்று பழைய மருந்தை மறுபடி தொடங்கினால் இரண்டு வாரத்தில் மனிதர் இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருப்பார்.

குடி வீட்டுக்குள் வரக் கூடாது. குடித்துவிட்டு வந்தால்? ராத்திரி பதினொரு மணிக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவது விதிமுறைப்படி சரியாக இருக்கலாம். தள்ளினால் அவன் எங்கே போவான், எந்த நிலையில், யார் கண்ணில் படுவான் என்று யோசித்தால் உள்ளே இழுத்துப் படுக்கவைப்பதுதான் சிக்கனம். பேச்செல்லாம் காலையில்.

போலீஸைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றி எழுத முடியாது. சரித்திரப் பதிவேட்டில், நாங்கள் ஹெச்.எஸ். என்போம், பெயர் உள்ளவர்களை நேரில் பார்த்துப் போவது அவர்கள் வேலை. ஏரியாவில் எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் தட்டப்படும் கதவு எங்களுடையது. நல்லொழுக்கத்துக்குப் பிணை கேட்கும் பழைய 110-ம் பிரிவு, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 129. மறைந்து நின்றான் என்று போடும் பழைய 109, இப்போது 128. எண் மாறினாலும் ஆட்கள் 109, 110 என்றுதான் சொல்கிறார்கள், போடுகிறவர்களும் போடப்படுகிறவர்களும். ஒரு முறை சீருடையில் நள்ளிரவில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டதில் எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். மறுநாள் மளிகைக்கடையில் கடன் நின்றது. நான் நிலையத்துக்குப் போய், நீங்கள் வர வேண்டாம், இவர்களை நானே வாரத்தில் ஒரு நாள் கூட்டிவந்து காட்டுகிறேன் என்று கேட்டேன். அப்போதிருந்த ஆய்வாளர் ஒப்புக்கொண்டார். அவர் மாறியதும் ஏற்பாடு போய்விட்டது. அடுத்தவரிடம் மறுபடி முதலிலிருந்து பேசினேன். இப்போதிருப்பவர் மூன்றாமவர். எழுத்தில் ஒன்றுமில்லை, எல்லாம் ஆளைப் பொறுத்தது.

வேலை கிடைக்கிறதா என்பதுதான் எல்லோரும் கேட்பது. கிடைக்கிறது. செங்குன்றத்து அரிசி ஆலைகளில் மூட்டை தூக்க, மாதவரத்து லாரி ஷெட்டுகளில், கட்டட வேலைக்கு, யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. சான்றிதழ் கேட்கும் இடங்கள்தான் மூடிக்கிடக்கின்றன. வயதானவருக்குத் தோதான வேலை வாட்ச்மேன். ஆனால் தனியார் காவல் நிறுவனங்களுக்கான 2005-ம் ஆண்டுச் சட்டம் காவலரின் முன்வரலாற்றைச் சரிபார்த்தே சேர்க்கச் சொல்கிறது. வேலூர் சிறையில் போலீஸ்காரர்களுக்குப் பூட்ஸ் தைத்தவர் ஒருவர் இருந்தார். கை சுத்தம், தையல் ஒரே அளவு. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தைத்துக் காட்டச் சொன்னார்கள், மேஸ்திரிக்குப் பிடித்துப்போனது. மனிதவள அலுவலகத்தில் காவல்துறைச் சான்று கேட்டார்கள். அவர் இப்போது ஒரு பைக் சீட் கவர் தைக்கும் கடையில் இருக்கிறார். சிறைத்துறையே நடத்தும் ஃப்ரீடம் பெட்ரோல் பங்க்குகளில் சீருடை போட்டுப் பெட்ரோல் அடிப்பவர்களைப் பார்த்து வியந்து, சில்லறை சரியாகக் கொடுத்தார்கள் என்று சொல்லும் ஆட்களை எனக்குத் தெரியும். அதே ஆள் தண்டனை முடிந்து வெளியே வந்து தனியார் பங்க்கில் வேலை கேட்டால் அந்த வியப்பு அங்கே செல்லாது.

விழா மேடைகளில் தையல் இயந்திரம் கொடுப்பது ஒரு வழக்கம். புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். வாங்கியவர் அதை எங்கே வைப்பார்? ஒருவர் அதை ஆட்டோவில் ஏற்றி எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். தனக்குத் தங்க இடமில்லை, மெஷினுக்காவது இடம் கொடுங்கள் என்றார். இருவருக்கும் கொடுத்தோம். இன்னும் சிலர் வாங்கிய வாரமே விற்றுவிட்டார்கள் என்று ஒரு சங்கத்து அம்மையார் வருத்தப்பட்டார். வாடகை முன்பணத்துக்கு விற்றிருந்தால் அது நல்ல வியாபாரம் என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை. சிறைச் சீர்திருத்தம் பற்றிய முல்லா குழு 1983-லேயே விடுதலைக்குப் பிந்தைய கவனிப்பு அரசின் பொறுப்பு என்று எழுதிவிட்டது, 2016-ன் மாதிரிச் சிறைக் கையேட்டில் அதற்கென்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஆனால் சென்னையில் முன்பணம் பத்து மாத வாடகை கேட்ட காலமும் உண்டு, இப்போதும் ஐந்து, ஆறு கேட்கிறார்கள். அந்த முன்பணத்தைக் கடனாகக் கொடுக்க எந்தத் திட்டத்திலும் ஒரு வரி இல்லை.

பெண்களுக்கு எங்களிடம் இடமில்லை. தோழி ஒருவர் தனியாக நடத்துகிறார். ஆண் கைதியைப் பார்க்க மனைவி மனு போட்டு வருடக்கணக்கில் வருவாள். பெண் கைதியைப் பார்க்க வருவது அவளுடைய அம்மா, அம்மா போய்விட்டால் யாருமில்லை என்று அவர் சொல்வார். அவரிடம் இருப்பவர்கள் எங்கள் ஆட்களைவிட அதிக நாள் தங்குகிறார்கள். அந்தக் கதையை அவர்தான் எழுத வேண்டும்.

எங்கள் வீட்டின் பதினொரு மாத ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. உரிமையாளர் நல்ல மனிதர். மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்கிறார். நியாயம்தான். புதிய வீடு தேடிக்கொண்டிருக்கிறேன். தரைத்தளமாக இருக்க வேண்டும், அண்ணாச்சிக்கு முழங்கால் மடங்காது. ராத்திரி காவாங்கரையிலிருந்து நேர் பஸ் வேண்டும். முடிந்தால் இதே காவல் நிலைய எல்லைக்குள், நான்காவது ஆய்வாளரிடம் முதலிலிருந்து பேசும் தெம்பு எனக்கில்லை. மாதவரம் பக்கம் ஒரு வீடு பார்த்தேன், எல்லாம் பொருந்தியது, யாருக்கு என்று கேட்டார்கள், சொன்னேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். இன்னொன்று லட்சுமிபுரத்தில் இருக்கிறது, நாளைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். எது அமைந்தாலும் இப்போது இருப்பவர்கள் அத்தனை பேரின் ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் கதவு எண்ணை மாற்ற வேண்டும். கவுன்சிலர் அலுவலகத்தில் படிவம் தீர்ந்துவிட்டதாம், ஜெராக்ஸ் எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்கள்.